அழைப்பு வரிசை வழிதல்

அழைப்பு வரிசை வழிதல் என்பது, ஒரு நிறுவனத்தின் தொலைபேசி அமைப்பில் பதிலுக்காகக் காத்திருக்கும் அழைப்புகளின் வரிசை குறிப்பிட்ட எல்லையைக் கடக்கும்போது, புதிதாக வரும் அழைப்புகளையோ நெடுநேரம் காத்திருந்த அழைப்புகளையோ வேறோர் இடத்திற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஆகும். தொழில்துறையில் இது ஓவர்ஃப்ளோ என்று வழங்கப்படுகின்றது. அழைப்பு மையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், பயணச்சீட்டு முன்பதிவு நிலையங்கள், அவசர உதவிச் சேவைகள் ஆகியவற்றின் தொலைபேசி அமைப்புகளில் இது இன்றியமையாத கூறாகும்.

வழிதல் ஏற்பாடு, பதிலளிக்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. யார், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையே அது தீர்மானிக்கின்றது. எனவே எல்லைகளைக் கணக்கிட்டு அமைப்பதும், வழிந்த அழைப்பு இறுதியில் ஒரு மனிதரையோ தெளிவான ஓர் அறிவிப்பையோ சென்றடைவதை உறுதி செய்வதும் இதன் முதன்மையான பணிகள் ஆகும்.

அடிப்படைக் கருத்துகள்

ஒரு நிறுவனத்தின் உள் தொலைபேசிகளைத் தமக்குள்ளும் வெளியுலகுடனும் இணைக்கும் கருவி தனியார் கிளை இணைப்பகம் எனப்படும். இந்திய அலுவலகங்களில் இது இபிஏபிஎக்ஸ் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகின்றது. முன்னர் தனிப்பெட்டியாக இருந்த இக்கருவி, பிற்காலத்தில் கணினியில் இயங்கும் மென்பொருளாகவும் இணையவழிச் சேவையாகவும் கிடைக்கலாயிற்று. வழிதலைப் புரிந்துகொள்ளப் பின்வரும் சொற்கள் தேவைப்படுகின்றன.

• முகவர்: அழைப்புக்குப் பதிலளிக்கும் பணியாளர்.
• வரிசை: எல்லா முகவர்களும் பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்புகள் வந்த ஒழுங்கில் காத்திருக்கும் இடம். காத்திருப்பவருக்கு இசையோ அறிவிப்போ ஒலிக்கும்.
• வெளித்தடம்: இணைப்பகத்தைப் பொதுத் தொலைபேசி வலையமைப்புடன் இணைக்கும் தடம். டிரங்க் என்றும் கூறுவர். வரிசையில் காத்திருக்கும் ஒவ்வோர் அழைப்பும் ஒரு வெளித்தடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.
• கையாளும் நேரம்: ஓர் அழைப்பில் பேசும் நேரமும், பேசி முடித்தபின் விவரங்களைப் பதிவு செய்யும் நேரமும் சேர்ந்தது.
• கைவிடுதல்: பதில் கிடைக்கும் முன்பே அழைத்தவர் இணைப்பைத் துண்டித்தல்.
• சேவை மட்டம்: குறிப்பிட்ட நொடிகளுக்குள் பதிலளிக்கப்பட்ட அழைப்புகளின் விழுக்காடு. 20 நொடிகளுக்குள் 80 விழுக்காடு என்பது அழைப்பு மையத் துறையில் பரவலாகக் கையாளப்படும் இலக்கு ஆகும்.

வரலாறு

தொலைபேசி அழைப்புகள் வரிசையில் காத்திருப்பது தானியங்கிக் கருவிகள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கைமுறை இணைப்பகங்களில் இயக்குநர்கள் ஒளிரும் விளக்குகளைப் பார்த்து ஒவ்வோர் அழைப்பாக எடுத்தனர். எந்த விளக்கு அவசர அழைப்பினுடையது என்று அவர்களால் அறிய இயலவில்லை. 1935 நவம்பர் 10 அன்று இலண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீட்டில் ஏற்பட்ட தீயில் ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அண்டை வீட்டுக்காரர் ஒருவர் இணைப்பகத்தின் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அவர் இதைப் பற்றி 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். தொடர்ந்து அரசு விசாரணை நடைபெற்றது. அதன் விளைவாக 1937 சூன் 30 அன்று 999 என்னும் அவசர எண் இலண்டனில் அறிமுகமானது. இந்த எண்ணுக்கு வரும் அழைப்பு இணைப்பகத்தில் சிவப்பு விளக்கையும் உரத்த ஒலியையும் எழுப்பி, மற்ற அழைப்புகளை முந்திச் சென்றது.

வரிசையைக் கணிதமாக ஆராய்ந்தவர் டென்மார்க் நாட்டின் அக்னர் கிராருப் எர்லாங் (1878 - 1929) ஆவார். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908இல் பணியில் சேர்ந்த அவர், 1909இல் தம் முதல் ஆய்வுக் கட்டுரையையும், 1917இல் இன்றும் பயன்படும் சூத்திரங்கள் அடங்கிய கட்டுரையையும் வெளியிட்டார். தொலைபேசிச் சுமையின் அலகுக்கு 1946இல் எர்லாங் என்று அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1967இல் அழைப்பவருக்குக் கட்டணமில்லாத 800 எண் சேவையைத் தொடங்கிய பின், நிறுவனங்களுக்கு வரும் அழைப்புகள் பெருகின. 1973இல் ராக்வெல் நிறுவனத்தின் கேலக்சி என்னும் தானியங்கி அழைப்புப் பகிர்வுக் கருவி கான்டினென்டல் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்தில் நிறுவப்பட்டது. இத்தகைய பெருங்கருவிகளைப் பெரிய நிறுவனங்களே வாங்க இயன்றது. 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள், வரிசை, வழிதல் ஆகிய வசதிகளைச் சாதாரணக் கணினியிலேயே கிடைக்கச் செய்தது.

கணித அடிப்படை

சுமையும் காத்திருப்பும்

ஒரு மணி நேரத்தில் வரும் அழைப்புகளின் எண்ணிக்கையைச் சராசரிக் கையாளும் நேரத்தால் (மணிக் கணக்கில்) பெருக்கினால் கிடைப்பது எர்லாங் அலகிலான சுமை ஆகும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 200 அழைப்புகள் வந்து, ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் எடுத்துக்கொண்டால் சுமை 10 எர்லாங் ஆகும். அதாவது சராசரியாக 10 பேர் இடைவிடாது பேசிக்கொண்டிருக்கும் அளவிலான வேலை உள்ளது.

இச்சுமைக்கு 10 முகவர்கள் போதும் என்று தோன்றலாம். அழைப்புகள் சீரான இடைவெளியில் வராமல் சில வேளை கூட்டமாகவும் சில வேளை அரிதாகவும் வருவதால் அது போதாது. காத்திருக்கும் வரிசைக்கான எர்லாங் சூத்திரத்தின்படி, 10 எர்லாங் சுமைக்குக் கிடைக்கும் விடைகள் வருமாறு:

• 11 முகவர்கள்: சராசரிக் காத்திருப்பு 123 நொடி. 20 நொடிக்குள் பதில் பெறுவோர் 39 விழுக்காடு.
• 12 முகவர்கள்: 40 நொடி. 64 விழுக்காடு.
• 13 முகவர்கள்: 17 நொடி. 80 விழுக்காடு.
• 14 முகவர்கள்: 8 நொடி. 89 விழுக்காடு.

13 பேர் இருக்கும்போது இலக்கை எட்டும் பிரிவில் இருவர் விடுப்பு எடுத்தால் காத்திருப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடிவிடுகின்றது. மூவர் வராவிட்டால், சூத்திரத்தின்படி வரிசை முடிவின்றி வளரும். நடைமுறையில் பலர் பொறுமையிழந்து துண்டிப்பதால் மட்டுமே அது நிற்கின்றது. சுவீடனைச் சேர்ந்த கொனி பாம் 1940களில் இக்கைவிடுதலையும் கணக்கில் சேர்க்கும் முறையை உருவாக்கினார்.

குழுக்களை இணைப்பதன் பயன்

வழிதல் பயன் தருவதற்கான கணிதக் காரணம் குழுக்களின் இணைப்பில் உள்ளது. தலா 5 எர்லாங் சுமையும் 7 முகவர்களும் கொண்ட இரு தனிக்குழுக்களில் சராசரிக் காத்திருப்பு சுமார் 29 நொடி ஆகும். அதே 14 பேரையும் அதே மொத்தச் சுமையையும் ஒரே குழுவாக்கினால் அது 8 நொடியாகக் குறைகின்றது. தனிக்குழுக்களாக இருக்கும்போது, ஒரு குழுவில் வரிசை நீண்டிருக்க மற்றொன்றில் முகவர் சும்மா இருக்கும் நேரங்கள் உண்டு. ஒரு குழுவின் வழிதல் மற்றொன்றுக்குச் செல்லும்போது இந்த வீணாகும் நேரம் பயன்படுகின்றது. இரு குழுக்களும் ஒரே நேரத்தில் நிரம்பியிருந்தால் இப்பயன் கிடைப்பதில்லை.

வழிந்த சுமையின் இயல்பு

வழிந்து வரும் அழைப்புகள் மற்ற அழைப்புகளைவிடக் கூட்டம் கூட்டமாக வரும் தன்மை உடையவை. முதற்குழு நிரம்பியிருக்கும் நேரத்தில் அவை அடுத்தடுத்து வருகின்றன. நிரம்பாத நேரத்தில் ஒன்றும் வருவதில்லை. காத்திருப்பு இடம் இல்லாத, 10 முகவர்கள் கொண்ட குழுவிற்கு 10 எர்லாங் சுமை வந்தால், சுமார் 2.15 எர்லாங் வெளியே வழியும். ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அளவான பரவற்படி, சாதாரண அழைப்புகளில் சராசரிக்குச் சமமாக இருக்கும். இந்த வழிந்த சுமையில் அது சராசரியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஆகும். அமெரிக்காவின் ஆர். ஐ. வில்கின்சன் 1956இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய சுமையைக் கையாளும் முறையை விளக்கினார். எனவே வழிதலைப் பெறும் குழுவில் சராசரிச் சுமையை மட்டும் கொண்டு ஆட்களைக் கணக்கிட்டால் அது போதாது.

வழிதலைத் தூண்டும் நிலைகள்

1. வரிசை நிரம்புதல்: காத்திருப்போரின் எண்ணிக்கை குறித்த எல்லையை எட்டுதல். எல்லையை எட்டியபின் வரும் அழைப்பு வரிசையில் சேராமலேயே திருப்பப்படும்.
2. காத்திருப்பு நேரம் முடிதல்: ஏற்கெனவே வரிசையில் உள்ள அழைப்பு குறித்த நொடிகளைக் கடத்தல்.
3. முகவர் இல்லாமை: வரிசையில் பணிக்குப் பதிவு செய்தோர் ஒருவரும் இல்லாதிருத்தல் அல்லது எல்லோரும் இடைவேளையில் இருத்தல்.
4. பணி நேரம் முடிதல்: அலுவலக நேரத்திற்கு வெளியே அல்லது விடுமுறை நாளில் அழைப்பு வருதல்.
5. அழைப்பவரின் விருப்பம்: காத்திருப்பவர் ஓர் எண்ணை அழுத்தித் தானே வரிசையிலிருந்து வெளியேறுதல்.

முதல் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் அழைப்பவரின் பார்வையில் வேறானவை. வரிசை நிரம்பியபோது திருப்பப்படுபவர் நேரத்தை இழப்பதில்லை. நேரம் முடிந்து திருப்பப்படுபவர் அதுவரை காத்திருந்த நேரத்தை இழக்கின்றார். ஆகவே நீள எல்லையைச் சரியாக வைத்து, நேர எல்லை அரிதாகவே செயல்படும்படி அமைப்பது நல்ல வழக்கமாகும்.

வழிந்த அழைப்பு சேருமிடங்கள்

• வேறொரு முகவர் குழு: அதே வேலையை ஓரளவேனும் அறிந்தவர்கள் இருக்கும்போது இதுவே சிறந்தது. வேலை தெரியாதவரிடம் சென்ற அழைப்பு மீண்டும் முதற்குழுவிற்கே மாற்றப்பட்டு, ஒரே அழைப்புக்கு இருவரின் நேரம் செலவாகும்.
• வெளி எண்: மேலாளரின் கைபேசி, மற்றொரு கிளை, ஒப்பந்த அழைப்பு மையம் முதலியன. உள்ளே வந்த அழைப்பு வெளியே செல்வதால் இரு வெளித்தடங்கள் தேவைப்படும்.
• திரும்ப அழைத்தல்: அழைத்தவரின் எண்ணைப் பதிந்துகொண்டு, அவர் முறை வரும்போது இணைப்பகமே அவரை அழைத்தல். இது காத்திருப்பின் எரிச்சலைக் குறைக்கும். எனினும் ஒவ்வொரு பதிவும் பின்னர் செய்ய வேண்டிய ஓர் அழைப்பே ஆகும். நாள் முழுதும் நெரிசல் உள்ள பிரிவில் மாலைக்குள் இக்கடன் தீராது.
• குரலஞ்சல்: செய்தியைப் பதிவு செய்துகொள்ளுதல். நாள்தோறும் அதைக் கேட்டுப் பதிலளிக்கும் பொறுப்பு ஒருவருக்கு வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டுமே பயனுடையது.
• அறிவிப்பும் துண்டிப்பும்: நெரிசல் நிலையையும் மீண்டும் அழைக்க ஏற்ற நேரத்தையும் கூறி முடித்தல்.

அமைக்கும் முறை

ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பிரிவைக் கற்பனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பகலில் 13 முகவர்களும் இரவில் 3 முகவர்களும் உள்ளனர். சராசரிக் கையாளும் நேரம் 3 நிமிடம். வரவேற்பு மேசையில் முன்பதிவும் செய்யத் தெரிந்த 4 பேர் உள்ளனர்.

அழைப்புகளை எண்ணுதல்

முதலில் குறைந்தது ஒரு வாரத்திற்கு, அரைமணி நேர இடைவெளிகளில், வந்த அழைப்புகள் அனைத்தும் எண்ணப்பட வேண்டும். பதிலளிக்கப்பட்டவற்றை மட்டும் எண்ணினால் உண்மைச் சுமை தெரியாது. கைவிட்டவர் மீண்டும் அழைத்தால் அது புதிய அழைப்பாக எண்ணப்படுவதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

நீள எல்லையைக் கணக்கிடுதல்

எல்லா முகவர்களும் பேசிக்கொண்டிருக்கும்போது, சராசரிக் கையாளும் நேரத்தை முகவர் எண்ணிக்கையால் வகுத்தால் வரிசை ஓரிடம் நகர ஆகும் நேரம் கிடைக்கும். 13 முகவர்களுக்கு இது 180 ÷ 13, அதாவது சுமார் 14 நொடி ஆகும். ஒருவரை அதிகமாக 3 நிமிடம் காக்க வைக்கலாம் என்று முடிவு செய்தால், வரிசையில் 13 இடங்களே இருக்க வேண்டும். பொதுவாக, பொறுக்கத்தக்க காத்திருப்பு சராசரிக் கையாளும் நேரத்திற்குச் சமமாக இருந்தால், வரிசையின் நீள எல்லை முகவர் எண்ணிக்கைக்குச் சமமாகும்.

இவ்வெல்லை முகவர் எண்ணிக்கையுடன் மாற வேண்டும். பகலுக்கு வைத்த 13 என்னும் எல்லை இரவிலும் நீடித்தால், 3 முகவர்களுடன் வரிசை ஓரிடம் நகர 60 நொடி ஆகும். கடைசியில் நிற்பவர் 13 நிமிடம் காத்திருப்பார். இரவுக்கு உரிய எல்லை 3 ஆகும்.

முகவர் வட்டத்தை விரித்தல்

60 நொடி கடந்த அழைப்பை வரவேற்பு மேசைக்கும் காட்டலாம். இதனை இரு வகையில் செய்யலாம். அழைப்பை முதல் வரிசையிலிருந்து எடுத்து இரண்டாம் வரிசையின் கடைசியில் வைப்பது ஒன்று. அழைப்பு முதல் வரிசையிலேயே தன் இடத்தில் நிற்க, பதிலளிக்கக் கூடியவர்களின் வட்டத்தை மட்டும் விரிப்பது மற்றொன்று. முதல் வகையில், ஒரு நிமிடம் காத்திருந்தவர் மீண்டும் ஒரு வரிசையின் முடிவில் நிற்க நேரும். அவர் வெளியேறிய மறுகணமே முதற்குழுவில் ஒருவர் ஓய்வானாலும் அவருக்குப் பயனில்லை. எனவே கருவி இடங்கொடுக்குமானால் இரண்டாம் வகையே பொருத்தமானது. முதல் வகையைத் தவிர்க்க இயலாதபோது, வழிந்து வரும் அழைப்புக்கு இரண்டாம் வரிசையில் முன்னுரிமை அளிக்க வேண்டும்.

முடிவிடத்தை வரையறுத்தல்

180 நொடியில் திரும்ப அழைக்கும் வாய்ப்பு அளிக்கப்படுகின்றது. வரிசை நிரம்பியிருக்கும்போது வருபவருக்கும் அதே வாய்ப்பு உடனே அளிக்கப்படுகின்றது. முகவர் ஒருவரும் இல்லாதபோது, மருத்துவமனையின் அவசரப் பிரிவு எண் அறிவிப்பில் முதலில் கூறப்பட்டு, பின் குரலஞ்சல் தொடங்குகின்றது. எந்தக் கிளையில் சென்றாலும் அழைப்பு இசையிலேயே நின்றுவிடாமல் ஒரு முடிவை அடைகின்றதா என்பதைத் தாளில் வரைந்து சரிபார்ப்பது நன்று.

சோதித்தல்

அழைப்பு குறைந்த நேரத்தில் நீள எல்லையை 1 ஆகக் குறைத்து, முகவர்கள் எவரும் பதிலளிக்காமல், இரு தொலைபேசிகளிலிருந்து அடுத்தடுத்து அழைத்தால், இரண்டாவது அழைப்பு வழிய வேண்டும். முதல் அழைப்பு நேர எல்லை முடிந்ததும் வழிய வேண்டும். பின்னர் முகவர்கள் அனைவரையும் வெளியேற்றி ஓர் அழைப்பும், கடிகாரத்தை இரவு நேரமாகக் கருதச் செய்து ஓர் அழைப்பும் சோதிக்க வேண்டும். சோதனை முடிந்தவுடன் எல்லைகளை மீட்டமைக்க மறத்தல் ஆகாது.

ஆஸ்டரிஸ்க் மென்பொருளில் வழிதல்

ஆஸ்டரிஸ்க்கில் வரிசைகள் கியூஸ்.கான்ஃப் என்னும் கோப்பிலும், அழைப்பு செல்லும் பாதை எக்ஸ்டென்ஷன்ஸ்.கான்ஃப் என்னும் கோப்பிலும் எழுதப்படுகின்றன. வழிதலுக்கென்று தனிக் கட்டளை இல்லை. அழைப்பு வரிசையிலிருந்து பதிலின்றி வெளியேறும்போது, பாதையில் அடுத்த வரியில் எழுதப்பட்டுள்ளது எதுவோ அதுவே வழிதல் ஆகும். அடுத்த வரியில் ஒன்றும் இல்லையெனில் இணைப்பு துண்டிக்கப்படும்.

• மேக்ஸ்லென் என்னும் அமைவு வரிசையின் நீள எல்லையைக் குறிக்கும். இதன் இயல்பான மதிப்பு 0. அதன் பொருள் எல்லை இல்லை என்பதாகும்.
• ஜாயின்எம்ப்டி, லீவ்வென்எம்ப்டி ஆகியவை முகவர் இல்லாதபோது புதிய அழைப்பைச் சேர்ப்பதா, காத்திருப்பவரை வெளியேற்றுவதா என்பதைத் தீர்மானிக்கின்றன.
• மொத்தக் காத்திருப்பு நேர எல்லை, வரிசையை அழைக்கும் கட்டளையுடன் சேர்த்துத் தரப்படும். தரப்படாவிட்டால் அழைப்பவர் கால எல்லையின்றிக் காத்திருப்பார்.
• கியூஸ்டேட்டஸ் என்னும் மாறி, அழைப்பு வெளியேறிய காரணத்தைத் தெரிவிக்கும். வரிசை நிரம்பியது, நேரம் முடிந்தது, முகவர் இல்லை ஆகிய காரணங்களைப் பிரித்தறிந்து ஒவ்வொன்றையும் தனித்தனி இடத்திற்கு அனுப்ப இது உதவும்.
• ஒவ்வொரு முகவருக்கும் பெனால்டி என்னும் எண் அளிக்கலாம். குறைந்த எண் உடையவர்களுக்கே அழைப்பு முதலில் செல்லும். நேரம் செல்லச் செல்ல இவ்வெல்லையைத் தளர்த்தும் விதிகளைக் கியூரூல்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதலாம். மேலே கூறிய வட்டம் விரித்தல் இவ்வாறே நிறைவேற்றப்படுகின்றது.

நீள எல்லையும் நேர எல்லையும் இயல்பாகவே வரையறையின்றி இருப்பதால், எதையும் மாற்றாமல் நிறுவப்பட்ட ஒரு வரிசை ஒருபோதும் வழிவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பொதுவான பிழைகள்

சுழற்சி

முதற்குழுவின் வழிதல் இரண்டாம் குழுவிற்கும், இரண்டாம் குழுவின் வழிதல் முதற்குழுவிற்கும் செல்லுமாறு அமைத்தால், நெரிசல் நேரத்தில் அழைப்பு இரண்டிற்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். அழைத்தவருக்கு இசை கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் வரிசையின் கடைசிக்கே செல்வார். 2002இல் வெளியான சிப் நெறிமுறையில், ஒரு கோரிக்கை கடக்கக்கூடிய தாவல்களுக்கு 70 என்னும் எண் தொடக்க மதிப்பாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. அது வழங்கிகளுக்கு இடையிலான சுழற்சியைத் தடுக்குமேயன்றி, ஒரே இணைப்பகத்தின் உள்ளே நிகழும் சுழற்சியைத் தடுக்காது. அழைப்பு எத்தனை முறை வழிந்தது என்று எண்ணும் மாறி ஒன்றைப் பாதையிலேயே வைக்க வேண்டும்.

கைபேசியின் குரலஞ்சல்

வழிந்த அழைப்பு ஒருவரின் கைபேசிக்குச் செல்லும்போது, அது அணைக்கப்பட்டிருந்தால் தொலைபேசி நிறுவனத்தின் குரலஞ்சல் பதிலளிக்கக்கூடும். இணைப்பகம் அதை மனிதர் பதிலளித்ததாகவே கருதும். அழைப்பு வெற்றியடைந்ததாகப் பதிவாகும். அழைப்பை ஏற்பவர் ஓர் எண்ணை அழுத்தி உறுதி செய்த பின்னரே இணைப்புத் தருமாறு அமைப்பது இதற்குத் தீர்வாகும்.

வெளித்தடங்கள் தீர்தல்

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய ஐ.எஸ்.டி.என். முதன்மை வீத இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேச்சுத் தடங்கள் உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 13 பேர் பேச, 13 பேர் காத்திருக்க, 26 தடங்கள் நிரம்புகின்றன. இரண்டே அழைப்புகள் கைபேசிகளுக்கு வழிந்தால், ஒவ்வொன்றும் இரு தடங்களைப் பிடிக்க, 30ம் தீர்ந்துவிடும். அடுத்து அழைப்பவருக்கு இணைப்பு வேலையில் உள்ளது என்னும் ஒலியே கேட்கும். அவருடைய அழைப்பு இணைப்பகத்தை அடையாததால் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாது. இணையவழித் தடங்களிலும் ஒப்பந்தத்தில் கூறிய ஒருங்கிணைந்த அழைப்பு எண்ணிக்கை இதே வகையில் எல்லையாகின்றது.

பொறுப்பில்லாத முடிவிடம்

பணியிலிருந்து விலகிய ஒருவரின் நீட்டிப்பு எண், எவரும் கேட்காத குரலஞ்சல் பெட்டி, மூடப்பட்ட கிளையின் எண் ஆகியவை வழிதலின் முடிவிடங்களாகப் பல்லாண்டுகள் நீடித்துவிடுவதுண்டு. வழிதல் எப்போதாவது மட்டுமே செயல்படுவதால் இப்பிழை வெளிப்பட நாளாகும். மாதம் ஒருமுறை எல்லா முடிவிடங்களுக்கும் சோதனை அழைப்பு விடுப்பது எளிய தடுப்பு முறையாகும்.

அளவீட்டில் உள்ள சிக்கல்

வழிதல் ஏற்பாடு செய்யப்பட்டவுடன் முதற்குழுவின் சேவை மட்டம் உயர்ந்ததுபோல் தோன்றும். நெடுநேரம் காத்திருந்த அழைப்புகள் அக்குழுவின் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம். நீள எல்லையைக் குறைத்தாலும் இவ்வாறே நிகழும். சேர்த்துக்கொள்ளப்படாத அழைப்புகள் எண்ணப்படாததால் எண்கள் அழகாகத் தெரியும். எல்லையை 13இலிருந்து 2 ஆகக் குறைத்தால் ஓர் ஊழியரைக்கூடச் சேர்க்காமல் சேவை மட்டத்தை உயர்த்திக் காட்ட இயலும். பதில் கிடைக்காதவர்களின் எண்ணிக்கை அதனால் கூடவே செய்யும்.

ஆகவே ஓர் அழைப்பு முதல் வரிசையில் நுழைந்த, அல்லது நுழைய முயன்ற, நேரத்திலிருந்து அதன் இறுதி முடிவு வரை ஒரே அழைப்பாகக் கணக்கிடப்பட வேண்டும். குழுவாரிக் கணக்குகளுடன் பின்வரும் எண்களையும் சேர்த்துப் பார்ப்பது உண்மை நிலையைக் காட்டும்.

• வெளித்தடத்திற்கு வந்த மொத்த அழைப்புகளில் மனிதரிடம் பேசியவர்களின் விழுக்காடு
• வழிந்த அழைப்புகளின் மொத்தக் காத்திருப்பு நேரம், எல்லா வரிசைகளையும் கூட்டி
• ஒரே எண்ணிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் வந்த மறு அழைப்புகள்
• குரலஞ்சல், திரும்ப அழைத்தல் பதிவுகளில் நிறைவேற்றப்படாதவை

நாள்தோறும் ஒரே நேரத்தில் வழிதல் நிகழ்ந்தால் அது தற்செயல் நெரிசல் அன்று. அந்நேரத்திற்கு ஆட்கள் போதவில்லை என்பதே அதன் பொருள். அத்தகைய நிலையில் வழிதல் விதிகளை மேலும் சிக்கலாக்குவதைவிடப் பணி நேர அட்டவணையை மாற்றுவதே தீர்வாகும்.

அவசரச் சேவைகளில் வழிதல்

அவசர உதவி எண்களில் வழிதலின் நோக்கம் மாறுபடுகின்றது. வணிக நிறுவனத்தில் அழைப்பை ஏற்காமல் திருப்புவது சில வேளை ஏற்கத்தக்கது. அவசர அழைப்பில் அவ்வாறு செய்ய இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் 911 அழைப்புகள் உள்ளூர் மையத்தில் இடமில்லாதபோது முன்னரே ஒப்புக்கொண்ட அண்டை மையத்திற்குத் திருப்பப்படுவதுண்டு. அந்நாட்டின் தேசிய அவசர எண் சங்கம் 2020இல் வெளியிட்ட தரநிலை, அழைப்புகளில் 90 விழுக்காடு 15 நொடிக்குள்ளும் 95 விழுக்காடு 20 நொடிக்குள்ளும் ஏற்கப்பட வேண்டும் என்று கூறுகின்றது.

அண்டை மையத்தில் அழைப்பை ஏற்பவருக்கு அவ்வூரின் தெருக்கள் தெரியாதிருக்கலாம். ஆகவே அழைப்புடன் அழைத்தவரின் இருப்பிடத் தகவலும் சேர்ந்து செல்வதும், அங்கிருந்து உரிய ஊர்தியை அனுப்பச் சொல்லும் வழி இருப்பதும் இன்றியமையாதவை. பெரும் விபத்தின்போது ஒரே நிகழ்வைப் பற்றிப் பலர் அழைப்பதால் வரிசை நிரம்பி, தொடர்பில்லாத வேறொரு நோயாளியின் அழைப்பு பின்னுக்குத் தள்ளப்படும் இடர் உண்டு. 1935இல் விம்போல் தெருவில் எழுந்த சிக்கலும் இத்தகையதே: எந்த அழைப்பு காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்பதை வரிசையால் தானே அறிய இயலாது. அதை அமைப்பவர் முன்கூட்டியே சிந்தித்து வரையறுத்திருக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• வரிசைக் கோட்பாடு
• எர்லாங் (அலகு)
• தனியார் கிளை இணைப்பகம்
• அழைப்பு மையம்
• ஆஸ்டரிஸ்க் (மென்பொருள்)